வைக்கோல் போட்ட மண்ணுக்குக் காப்புரிமை உண்டா?

வைக்கோலை நறுக்கிச் சேற்றில் போட்டு, காலால் மிதித்துப் பதமாக்கி, சுவர் வைத்தவருக்குக் காப்புரிமை கொடுக்கலாமா?

சிரிக்காதீர்கள். சிவில், மெக்கானிக்கல், மெட்டீரியல் சயின்ஸ் என்று படிக்கும் நம்மில் பாதிப் பேர் கடைசி வருட ப்ராஜெக்ட் என்ற பெயரில் செய்வது கிட்டத்தட்ட அதைத்தான். ஒரு பக்கம் சிமென்ட். இன்னொரு பக்கம் ஏதோ ஒரு இழை: கண்ணாடி, பசால்ட், கார்பன், ஸ்டீல், எதுவும் கிடைக்காவிட்டால் தேங்காய் நார். ஒன்றுக்குள் இன்னொன்றைப் போட்டுக் கலக்குகிறோம். க்யூப் போடுகிறோம். 28 நாள் தண்ணீரில் ஊறவைத்து, மெஷினில் வைத்து நசுக்கி, வந்த எண்ணை ரெக்கார்டில் எழுதுகிறோம். எண் கொஞ்சம் கூடியிருந்தால் போதும், "இதை பேடண்ட் பண்ணிடலாம்பா" என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள்.

பண்ணலாமா, கூடாதா? பண்ணினால் அதைப் பரிசோதிப்பவர் என்ன கேட்க வேண்டும்? என் கருத்து இதுதான்: நம் சட்டம் இந்த வகைப் பொருளுக்கு ரொம்ப நல்ல கேள்வி ஒன்றை வைத்திருக்கிறது. ஆனால் விண்ணப்பிக்கும் நாமும் சரி, பரிசோதிப்பவர்களும் சரி, அந்தக் கேள்விக்குத் தப்பான எண்ணை வைத்துப் பதில் தேடுகிறோம்.

முதலில் நடைமுறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நிறைய பேருக்கு இதில் குழப்பம். விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் அது காப்புரிமை ஜர்னலில் தானாக வெளியாகும். யாரும் படித்துப் பார்த்து "சபாஷ்" சொன்னதால் அல்ல, தேதி வந்ததால். (இந்த "பப்ளிஷ்" ஆனதற்கே கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைப்பவர்களைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.) அதற்கப்புறம் "பரிசோதித்துக் கொடுங்கள்" என்று தனியாகக் கேட்க வேண்டும். அப்போதுதான் ஒரு பரிசோதகர் கையில் போய்ச் சேரும். ரயிலில் டிக்கெட் பரிசோதகர் மாதிரி இவர் காப்புரிமைப் பரிசோதகர். நம் பக்கத்து விண்ணப்பம் என்றால் கிண்டியில் இருக்கும் சென்னை அலுவலகம். அவர் பழைய காப்புரிமைகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் தேடிப் பார்த்து முதல் பரிசோதனை அறிக்கை அனுப்புவார். அதில் ஆட்சேபணைகள் வரிசையாக இருக்கும். ஆறு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும், கேட்டால் மூன்று மாதம் கூடக் கிடைக்கும். பிறகு தேவைப்பட்டால் விசாரணை. கடைசியில் கிடைக்கும், அல்லது கிடைக்காது.

2021-ல் கல்வி நிறுவனங்களுக்குக் கட்டணத்தை 80 சதவீதம் குறைத்தார்கள். 2023 மார்ச்சுக்கும் 2024 மார்ச்சுக்கும் இடைப்பட்ட ஒரே வருடத்தில் இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேல் காப்புரிமைகள் வழங்கப்பட்டன. அந்த வெள்ளத்தில் ஒவ்வொரு கோப்பையும் ஒரு மனிதர் உட்கார்ந்து படித்தாக வேண்டும். அவரிடம் லேப் கிடையாது. நாம் எழுதிக் கொடுத்ததும் தேடிக் கிடைத்ததும் மட்டும்தான் அவர் கையில்.

சரி, அந்த நல்ல கேள்வி.

இந்தியக் காப்புரிமைச் சட்டத்தில் பிரிவு 3 என்று ஒன்று உண்டு. "இதெல்லாம் கண்டுபிடிப்பே கிடையாது" என்று ஒரு பட்டியல். அதில் 3(இ) சொல்வது: வெறுமனே கலந்ததால் கிடைத்த பொருள், அதில் சேர்ந்தவற்றின் குணங்கள் ஒன்றாக நிற்பதைத் தவிர வேறெதுவும் நடக்கவில்லை என்றால், கண்டுபிடிப்பு ஆகாது. அதைத் தயாரிக்கும் முறையும் ஆகாது. இதன் மூதாதை 1949-ம் வருட பிரிட்டிஷ் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் அங்கே அது உணவுக்கும் மருந்துக்கும் மட்டும். பழைய மருந்து இரண்டைக் கலந்து புது மாத்திரை என்று விற்பவர்களைத் தடுக்க வைத்த வேலி. நம் 1970 சட்டத்தில் அந்த எல்லை இல்லை, பொருள் எதுவாக இருந்தாலும் பொருந்தும். (அந்தச் சட்டத்துக்கு அடித்தளம் போட்ட 1959 அறிக்கையை எழுதியவர் அப்போது சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்த ராஜகோபால அய்யங்கார்.) ஆக, மாத்திரைக்காகப் பிறந்த வாசகம் இன்று சிமென்ட் மேலும் செராமிக் மேலும் வந்து உட்கார்ந்திருக்கிறது.

பேராசிரியர்கள் பலருக்கு இந்த 3(இ) என்றாலே எரிச்சல். "காம்போசிட் என்றாலே கலவைதானே? அப்புறம் எப்படித்தான் தப்பிப்பது?" என்பார்கள். நியாயமான கோபம் மாதிரிதான் தெரியும். ஆனால் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்த்தால், காம்போசிட் பற்றி யாராவது கேட்கக்கூடிய கேள்விகளிலேயே கூர்மையானது இதுதான்.

எப்படி என்று சொல்கிறேன். இரண்டாம் வருடத்தில் "ரூல் ஆஃப் மிக்ஸர்ஸ்" படித்தது ஞாபகம் இருக்கிறதா? கண்ணாடி இழையின் விறைப்பு சுமார் 70 ஜிகாபாஸ்கல். சிமென்ட் பசைக்கு 20 என்று வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 5 பங்கு இழையை ஒரே திசையில் அடுக்கிப் போட்டால் என்ன வரும்? 70-ல் 5 சதவீதம் 3.5. 20-ல் 95 சதவீதம் 19. கூட்டினால் 22.5. பேப்பரில் போட்ட கணக்குத்தான் மெஷினிலும் ஏறக்குறைய வரும். இந்த 22.5-ஐக் காட்டி "20-ஐ விடக் கூடிவிட்டது, கண்டுபிடிப்பு!" என்றால் 3(இ) சும்மா விடுமா? குணங்கள் ஒன்றுகூடி நிற்பது என்று சட்டம் சொல்வதும் ரூல் ஆஃப் மிக்ஸர்ஸ் சொல்வதும் ஒரே விஷயம். சட்டம் எழுதியவர்கள் மெட்டீரியல் சயின்ஸ் படித்திருக்க மாட்டார்கள், ஆனால் வாசகம் அச்சாகப் பொருந்துகிறது.

இப்போது இன்னொரு குணத்தைப் பார்ப்போம். விரிசலைத் தாங்கும் குணம், டஃப்னெஸ். கண்ணாடி படக்கென்று உடையும். அதில் ஒரு சதுர மீட்டர் விரிசலை உண்டாக்க வெறும் 10 ஜூல் அளவு ஆற்றல் போதும். சிமென்ட் பசையும் அதே ஜாதி. இரண்டையும் கூட்டிக் கழித்துச் சராசரி எடுத்தால் இன்னொரு படக்கென்று உடையும் பொருள்தான் வர வேண்டும். ஆனால் கண்ணாடி இழை போட்ட சிமென்ட் தகட்டைச் சுத்தியலால் தட்டினால் அது நொறுங்காமல் வாங்கிக்கொள்கிறது. ஆற்றல் கணக்கு பத்துகளில் இல்லை, ஆயிரங்களில். இரண்டு கோழைகள் சேர்ந்து ஒரு வீரன்!

இந்த வீரம் எங்கிருந்து வந்தது? இழையிலும் இல்லை, சிமென்டிலும் இல்லை. இரண்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கிறது. வைக்கோல் போரிலிருந்து ஒரு கைப்பிடியை உருவிப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு வைக்கோலை அறுப்பது சுலபம், போருக்குள் இருப்பதை உருவுவதுதான் கை வலிக்கும். உரசல். விரிசல் சிமென்டைக் கிழித்துக்கொண்டு வரும்போது குறுக்கே இழை நிற்கிறது. பிடி அளவாக இருந்தால் விரிசல் இழையைச் சுற்றிக்கொண்டு போகும், இழை அறுகாமல் மெல்ல உருவிக்கொண்டு வரும், அந்த உருவலில் ஆற்றல் கரைந்து போகும். பிடி ரொம்பத் தளர்வாக இருந்தால் இழை சும்மா வழுக்கிவிடும். ரொம்ப இறுக்கமாக இருந்தாலோ விரிசலுக்கு இழை என்றும் சிமென்ட் என்றும் வித்தியாசமே தெரியாது, நேராக அறுத்துக்கொண்டு போய்விடும்.

அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம். பிளாஸ்டிக் காம்போசிட் படித்துவிட்டு வருபவர்களுக்கு "பிணைப்பு எவ்வளவு இறுக்கமோ அவ்வளவு நல்லது" என்று மனதில் பதிந்திருக்கும். கனிம மேட்ரிக்ஸில் அது தலைகீழ். ஆகவே "இழைக்கு மேல் ஒரு பூச்சு பூசிப் பிணைப்பைத் தளர்த்தினேன்" என்று ஒருவர் விண்ணப்பித்தால், கேட்பதற்குக் கிறுக்குத்தனமாக இருக்கும், ஆனால் கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்க வாய்ப்பு அதிகம். "பிணைப்பை இறுக்கினேன், வலு 8 சதவீதம் கூடியது" என்பவரிடம் பரிசோதகர் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு ஒரு நிஜக் கதை உண்டு. 1975-ல் ஜப்பானில் தொஹொகு பல்கலைக்கழகத்தின் சேய்ஷி யாஜிமா, ஒரு பாலிமரை இழையாக நூற்று, அதைச் சுட்டு சிலிக்கான் கார்பைடு இழையாக மாற்றிக் காட்டினார். நிப்பான் கார்பன் கம்பெனி அதை நிகலான் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் யுனைடெட் டெக்னாலஜீஸ் ஆய்வகத்தில் கார்ல் ப்ரீவோ, ஜான் பிரென்னன் இருவரும் அந்த இழையைக் கண்ணாடிக்குள்ளும் கண்ணாடி-செராமிக்குக்குள்ளும் வைத்தார்கள். வந்த பொருள் செராமிக் மாதிரியே நடந்துகொள்ளவில்லை, உடைத்தால் மரம் முறிகிற மாதிரி நார் நாராக முறிந்தது. 1982-ல் அமெரிக்கக் காப்புரிமைகள் கிடைத்தன.

ஏன் அப்படி முறிந்தது என்பது பிற்பாடுதான் தெளிவானது. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தபோது, சூடாக்கும்போது இழைக்கும் கண்ணாடிக்கும் நடுவே நானோமீட்டர் கணக்கில் ஒரு மெல்லிய கார்பன் படலம் தானாகவே உண்டாகியிருந்தது. யாரும் போடவில்லை. அதுதான் பிடியை அளவாக வைத்திருந்தது. காப்புரிமை வாங்க "ஏன்" தெரிய வேண்டியதில்லை, "எப்படிச் செய்வது" என்று முழுசாகச் சொன்னால் போதும். சட்டத்தின் இந்தத் தாராளத்தை நான் ஆதரிக்கிறேன். காரணம் தெரியும்வரை காத்திருந்தால் உலகத்தில் பாதிப் பொருட்களுக்கு உரிமையாளரே இருக்க மாட்டார்கள். ஆனால் காரணம் தெரியாவிட்டாலும், விளைவு சாதாரணக் கூட்டல் கணக்கில் வராதது என்பது உடைந்த துண்டைப் பார்த்தாலே தெரிந்தது. 3(இ) கேட்பது அவ்வளவுதான்.

கதையின் மறுபாதியையும் சொல்லிவிட வேண்டும். அந்தக் கார்பன் படலம் சூடான காற்றில் எரிந்துபோகும். விரிசல் வழியாகக் காற்று உள்ளே போனால் படலம் போய், அந்த இடத்தில் சிலிக்கா உண்டாகி, இழையை மேட்ரிக்ஸோடு ஒட்டிவிடும். வீரன் மறுபடி கோழை. அதற்குப் பதிலாக போரான் நைட்ரைடு பூச்சு என்று ஆராய்ச்சி பல வருடம் ஓடி, கடைசியில் 2016-லிருந்து ஏ320 நியோ, 737 மேக்ஸ் வகை விமானங்களில் பறக்கும் லீப் எஞ்சினின் டர்பைன் பாகம் ஒன்றில் இழை போட்ட செராமிக் உட்கார்ந்தது. 1975-லிருந்து எண்ணிப் பாருங்கள். 41 வருடம். காப்புரிமையின் ஆயுள் 20.

இதே கதை சிமென்டில் இன்னும் பட்டவர்த்தனமாக நடந்திருக்கிறது. சாதாரண கண்ணாடி இழையை போர்ட்லண்ட் சிமென்டில் போட்டால் தாங்காது. ஈர சிமென்டின் பி.எச். 13 பக்கம், அந்தக் காரம் கண்ணாடியை அரித்துவிடும். சோவியத் நாட்டில் பிர்யுகோவிச் என்பவர் காரம் குறைந்த அலுமினா சிமென்டை வைத்து ஒப்பேற்றிப் பார்த்தார். பிரிட்டனின் கட்டட ஆய்வு நிலையத்தில் ஏ. ஜே. மஜும்தார் வேறு வழியில் போனார்: சிமென்டை மாற்றாமல் கண்ணாடியை மாற்று. சுமார் 16 சதவீதம் ஸிர்கோனியா கலந்த கண்ணாடி காரத்தை எதிர்த்து நின்றது. அந்த அரசு ஆய்வகத்தின் காப்புரிமையை உரிமம் பெற்று பில்கிங்டன் கம்பெனி 1971-ல் செம்-ஃபில் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தது.

ஒரு பரிசோதகரின் நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பாருங்கள். ஸிர்கோனியா போட்ட கண்ணாடி காரம் தாங்கும் என்பது கண்ணாடிக்காரர்களுக்குப் பழைய செய்தி. கண்ணாடி இழையைச் சிமென்டில் போடுவதும் பழைய செய்தி. அப்படியானால் இது வெறும் கலவையா? இல்லை என்பேன். அந்தக் கண்ணாடியை உருக்கி இழையாக இழுப்பதே பெரும்பாடு, ஸிர்கோனியா கூடக் கூட உருகும் வெப்பம் ஏறும். இழையாகவும் வர வேண்டும், காரமும் தாங்க வேண்டும், விலையும் கட்டுப்படியாக வேண்டும். இந்த மூன்றும் ஒன்றாகச் சந்திக்கும் குறுகிய சந்து ஒன்றைக் கண்டுபிடித்ததுதான் வேலை. க்ளெய்ம் அந்தச் சந்தின் அகலத்துக்கு இருந்தால் நியாயம். "ஸிர்கோனியா கலந்த எந்தக் கண்ணாடியும், எந்தச் சிமென்டிலும்" என்றால் அநியாயம்.

ஆனால் இங்கேயும் காலம் வந்து கதவைத் தட்டியது. ஈரமான வெளிக்காற்றில் வருடக்கணக்காக வைத்த தகடுகள் மெல்ல மெல்லப் பழைய குணத்துக்குத் திரும்பின. அரிப்பு மட்டும் காரணமில்லை. கண்ணாடி இழை ஒற்றை இழையாக இருப்பதில்லை, ஏறக்குறைய 200 மெல்லிழைகள் சேர்ந்த ஒரு கற்றை. ஆரம்பத்தில் சிமென்ட் துகள் உள்ளே நுழைய முடியாத அளவுக்கு நடுவில் இடுக்கு, அதனால் உள் இழைகள் வழுக்கி உருவ முடிந்தது. வருடம் போகப் போக அந்த இடுக்குகளில் கால்சியம் ஹைட்ராக்சைடு படிகம் வளர்ந்து நிரப்பிவிட்டது. பிடி இறுகியது, உருவல் நின்றது, படக். 28-ம் நாள் சோதனையில் இதில் ஒரு துளியும் தெரியாது.

நம்மூர்ப் பரிசோதனை தவறவிடுவது இதைத்தான் என்பது என் வாதம். விண்ணப்பத்தில் 28-ம் நாள் அழுத்த வலு இருக்கும். பரிசோதகர் "சினர்ஜி எங்கே?" என்று கேட்பார், அது அவர் வழக்கமாகக் கேட்கும் வார்த்தை. உடனே விண்ணப்பதாரர் ஒரு பட்டியல் அனுப்புவார்: இழை இல்லாமல் இவ்வளவு, 1 சதவீதத்தில் இவ்வளவு, 2 சதவீதத்தில் இவ்வளவு. கூடியிருக்கிறது, ஆக சினர்ஜி. இருவரும் திருப்தி. ஆனால் அழுத்த வலு என்பது இழை போட்ட சிமென்டின் கதையைச் சொல்லவே சொல்லாத எண். நன்றாக இழை போட்ட கலவையில்கூட அது பெரிதாக மாறாது, சில சமயம் குறையவும் செய்யும். அதே வலு எண்ணுள்ள இரண்டு கட்டைகளில் ஒன்று வெடித்துச் சிதறும், இன்னொன்று விரிசலோடு நின்று சுமையைத் தாங்கும். வித்தியாசம் உச்ச எண்ணில் இல்லை, உச்சத்துக்குப் பிறகு வளைவு எங்கே போகிறது என்பதில் இருக்கிறது.

எனவே கேட்க வேண்டியது: கட்டையை வளைத்து உடைக்கும்போது சுமை-வளைவு வரைபடம் முழுசாக எங்கே? வளைவுக்குக் கீழே உள்ள பரப்பு எவ்வளவு? அதே கட்டையை வெந்நீரில் சில வாரம் ஊறவைத்து முதுமைப்படுத்திய பிறகு அந்தப் பரப்பில் எவ்வளவு மிச்சம்? முறிந்த முகத்தில் இழைகள் உருவி நிற்கின்றனவா, சமமாக அறுந்து போயிருக்கின்றனவா?

"பாவம், சின்ன ஆராய்ச்சியாளர்களை இப்படிப் படுத்தலாமா? எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்புக்கு எங்கே போவார்கள்?" என்று கேட்கலாம். இது உண்மையான பிரச்னைதான், தள்ளிவிட முடியாது. பெரிய கம்பெனிகள் எந்தச் சோதனை கேட்டாலும் செய்துகொண்டு வந்துவிடும், சிவகாசிப் பக்கம் சொந்தமாகக் கலவை செய்து பார்த்தவர் என்ன செய்வார்? ஆனால் நான் கேட்கும் சோதனைக்கு மைக்ராஸ்கோப் வேண்டாம். வளைவுச் சோதனை நம் எல்லா லேபிலும் உண்டு. மெஷின் மட்டும் சுமையை ஏற்றிக்கொண்டே போகாமல், நகர்வைக் கட்டுப்படுத்தி ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் உச்சத்தோடு கட்டை துண்டாகிவிடும். வெந்நீருக்குத் தெர்மோஸ்டாட் வைத்த ஒரு தொட்டி. முறிந்த முகத்தைப் பார்க்க ஒரு லென்ஸ். கட்டணக் குறைப்பில் மிச்சமான பணத்தில் இதைச் செய்யலாம்.

இன்னொரு எதிர்வாதம் இதைவிடப் பலமானது: காப்புரிமை ஒன்றும் ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லை. பொருள் நீடித்து உழைக்கிறதா என்று பார்ப்பது அந்த அலுவலகத்தின் வேலையல்ல, புதுசா, எளிதில் தோன்றாததா, தொழிலில் பயன்படுமா, அவ்வளவுதான். ஒப்புக்கொள்கிறேன். பத்து வருடத்தில் குணம் குறைவதால் ஒரு கண்டுபிடிப்பு கண்டுபிடிப்பு இல்லாமல் போய்விடாது. மஜும்தாரின் வேலையே அதற்குச் சாட்சி. நான் சொல்வது வேறு. "பத்து வருடம் தாங்குமா" என்று கேட்கச் சொல்லவில்லை. "நீடித்து உழைக்கும் காம்போசிட்" என்று க்ளெய்மிலேயே எழுதியவரிடம் அதற்கு ஆதாரம் கேட்கச் சொல்கிறேன். எழுதாதவரைக் கேட்க வேண்டாம். பெரும்பாலான விண்ணப்பங்களில் இந்தப் பெருமை வார்த்தை இருக்கும் என்பதுதான் வேடிக்கை :-)

க்ளெய்மின் அகலம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் ஒரு பழைய பயங்கரம் ஒளிந்திருக்கிறது.

ஆஸ்திரியாவில் ஃபோக்லாப்ரூக் என்ற ஊர்ப்பக்கம் லுட்விக் ஹட்ஷெக் என்பவர் ஒரு பழைய காகித ஆலையை வைத்திருந்தார். காகிதக் கூழுக்குப் பதிலாகக் கல்நாரையும் சிமென்டையும் நீரில் கரைத்து, காகிதம் எடுக்கும் சல்லடை உருளையில் ஓட விட்டு, மெல்லிய படலம் படலமாகச் சுற்றித் தகடாக்கினார். 1901-ல் காப்புரிமை கிடைத்தது. நாம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் என்று கூப்பிடுவதன் பிறப்பு அதுதான். அந்தக் காப்புரிமையின் தலைப்பில் கல்நார் என்ற பெயரே இல்லை, பொதுவாக "இழைப்பொருட்கள்" என்றுதான் இருக்கிறது. ஆனால் எந்த இழையும் அங்கே வேலை செய்யாது. சல்லடை வழியாகச் சிமென்ட் தண்ணீரோடு ஓடிவிடாமல் பிடித்து வைப்பதும் கல்நார், காய்ந்தபின் வலுக் கொடுப்பதும் அதே கல்நார். பிற்காலத்தில் அதற்கு மாற்றுத் தேடியவர்கள் சிமென்டைப் பிடிக்க மரக்கூழ் இழை, வலுவுக்கு பி.வி.ஏ. இழை என்று இரண்டு ஆட்களை வேலைக்கு வைக்க வேண்டியிருந்தது. ஆக "இழை" என்று பொதுவாக எழுதியவர் கற்றுக்கொடுத்தது ஒரே ஒரு இழையைத்தான். பரிசோதகரின் பேனா அங்கே இறங்க வேண்டும். "கனிம மேட்ரிக்ஸில் 1 முதல் 60 சதவீதம் வரை ஏதேனும் ஓர் இழை" என்று இன்றும் க்ளெய்ம் எழுதுகிறார்கள். 2, 3, 4 சதவீதத்தில் மூன்று கட்டை போட்டுப் பார்த்தவருக்கு 60 வரை வேலி கட்ட என்ன உரிமை?

பயங்கரம் இனிமேல்தான். 1898-லேயே பிரிட்டனின் பெண் தொழிற்சாலை ஆய்வாளர் லூசி டீன், கல்நார்த் தூசியால் தொழிலாளர்களுக்கு வரும் கேட்டை அரசு அறிக்கையில் எழுதிவிட்டார். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் கண்ணாடிச் சில்லு மாதிரி கூரான துகள்கள் என்று. ஹட்ஷெக்குக்குக் காப்புரிமை கிடைப்பதற்கு மூன்று வருடம் முன்னால். ஒன்றுக்கொன்று தெரியாத இரண்டு அலுவலகங்கள், இரண்டு நாடுகள். ஐரோப்பிய ஒன்றியம் முழுவதும் தடை வர 2005 ஆனது.

நம் சட்டத்தில் இதற்கும் ஒரு கேள்வி இருக்கிறது: 3(பி). மனித உயிருக்கோ ஆரோக்கியத்துக்கோ சுற்றுச்சூழலுக்கோ கடுமையான தீங்கு செய்யும் கண்டுபிடிப்புக்கு உரிமை கிடையாது. இழைக் காம்போசிட்டில் இதை எழுப்ப வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வேன். பழைய கதை என்று நினைக்க வேண்டாம். சிலிக்கான் கார்பைடு விஸ்கர் என்று ஊசி மாதிரி நுண்ணிய படிகம் ஒன்று 1980-களில் செராமிக் உலகின் செல்லப்பிள்ளை. அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வகத்தில் அதை அலுமினாவில் போட்டு 1985-ல் காப்புரிமை வாங்கினார்கள், உலோகம் வெட்டும் கருவிகளுக்குப் போனது. உலகப் புற்றுநோய் ஆய்வு முகமை பிற்பாடு அந்த விஸ்கரை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க அநேகமாக வாய்ப்புள்ளது" என்ற 2ஏ பட்டியலில் வைத்தது. அதே சிலிக்கான் கார்பைடு, நிகலான் மாதிரி 14, 15 மைக்ரான் தடிமனில் இருந்தால் நுரையீரலின் அடிவரை போகாது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கவலைப்பட வேண்டியது 3 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனும் 5 மைக்ரானுக்கு மேற்பட்ட நீளமும் உள்ள இழை. ஆகவே பரிசோதகர் பெரிய மருத்துவ ஆராய்ச்சி ஒன்றும் செய்ய வேண்டாம். இழையின் தடிமன் என்ன, நீளம் என்ன, அறுக்கும்போது பொடியாகுமா என்று ஒரு வரி. அந்த ஒரு வரியைக் கேட்காமல் "இழையின் விட்டம் 0.1 முதல் 50 மைக்ரான் வரை" என்ற க்ளெய்மை அப்படியே விடுவது பொறுப்பில்லாத வேலை.

வைக்கோல் மண் சுவர்க்காரரை மறந்துவிடவில்லை. அவருக்கு 3(இ) வரைக்கும் போகவே வேண்டாம், ஊரறிந்த விஷயம் என்பதால் முதல் படியிலேயே விழுந்துவிடுவார், பாரம்பரிய அறிவுக்கென்று 3(பி)-க்குக் கொஞ்சம் தள்ளி வேறொரு தடையும் இருக்கிறது. ஆனால் அவர் 3(இ)-யில் ஜெயித்திருப்பார். மண்ணும் காய்ந்தால் வெடிக்கும், வைக்கோலுக்கும் தனியாக நிற்க வக்கில்லை, சேர்ந்தால் சுவர் நிற்கிறது. நம் ப்ராஜெக்ட்களில் பல இதற்கு நேர்மாறு: முதல் படியில் ஏதோ ஒரு புது சதவீதத்தைக் காட்டித் தப்பித்து, 3(இ)-யில் சொல்ல ஒன்றுமில்லாமல் நிற்கின்றன.

கடைசியாக, இந்த வருடம் பேடண்ட் போடப் போகிற நண்பர்களுக்கு ஒரு நடைமுறைத் தகவல். முதலில் தற்காலிக விவரக்குறிப்பு போட்டால் முழு விவரக்குறிப்பு கொடுக்க 12 மாதம் கிடைக்கும். அந்த 12 மாதத்தைப் பலரும் சும்மா விட்டுவிட்டு, கடைசி வாரத்தில் அதே 28-ம் நாள் எண்ணை மறுபடி தட்டச்சு செய்து அனுப்புகிறார்கள். முழு விவரக்குறிப்பு போனபின் அதில் புதிய விஷயத்தை நுழைக்கச் சட்டம் விடாது, திருத்தம் என்றால் சுருக்கலாம், விளக்கலாம், அவ்வளவே. அந்தப் பன்னிரண்டு மாதத்துக்குள் பாதிக் கட்டைகளை வெந்நீரில் போடுங்கள், மீதியைச் சாதாரண நீரில். இரண்டின் வளைவையும் கடைசிவரை ஓட்டி எடுங்கள். இறுகிப்போனது தெரிந்தால் அதையும் எழுதுங்கள், எந்தச் சதவீதத்தில், எந்தப் பூச்சில் இறுகவில்லை என்று சேர்த்து எழுதுங்கள். க்ளெய்ம் அந்த இடத்தில்தான் இருக்கும்.

வேறு யாராவது "ஏதேனும் ஓர் இழை" என்று நாடு முழுக்க வேலி போட்டிருப்பதை ஜர்னலில் பார்த்தால், உரிமை வழங்கப்படும் முன்பே பிரிவு 25(1)-ன் கீழ் யார் வேண்டுமானாலும் எழுத்து மூலம் எதிர்க்கலாம். வக்கீலாக இருக்க வேண்டியதில்லை. பழைய ஆய்வுக் கட்டுரைகளின் நகல் வேண்டும், நம் லைப்ரரியின் பின்வரிசை அலமாரிகளில் அது தூசி படிந்து நிறையவே கிடக்கிறது.